திரும்பவும் ஈயம் காய்ச்சுகிறவர்

ஒரு காரியத்தை விடாமல் செய்கிறவர்கள் ஒரு ரகம், விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இன்னொரு ரகம். விட்டதை ஊரறியச் சொல்லிவிட்டு, ஓசைப்படாமல் திரும்பி வருகிற மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. நாம் பார்க்கப் போவது இவரைத்தான். ஓஹையோவின் சோளக்காட்டு ஊர்கள் எதிலும் இவருக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊரில் இவர் பெயர் வெர்ன்.

வீட்டிலேயே ஈயத்தைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, துப்பாக்கிக்குக் குண்டு வார்ப்பது வெர்னின் பழைய பித்து. சில வருஷங்களுக்கு முன் ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டதென்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசியதும், மனைவி ரோஸ்லின் காதுபட “இனிமே தொட மாட்டேன்” என்று சொல்லி, சட்டி, அச்சு எல்லாவற்றையும் பக்கத்துத் தெரு டெல்பர்ட்டுக்கு விற்றார். எல்லாவற்றையுமா? ஒரே ஒரு அச்சு மட்டும் கம்பளிக் காலுறைக்குள் புகுந்து அலமாரியின் அடித்தட்டில் படுத்துக்கொண்டது. அதற்குக் கைப்பிடி ஆடுகிறதாம். ஆடுகிற சாமானை நண்பன் தலையில் கட்டலாமா? எவ்வளவு நல்ல மனசு!

இந்த வசந்தத்தில் அவர் யூடியூபில் ஒன்றைப் பார்த்தார். குண்டுகளை வண்ணப் பொடியோடு டப்பாவில் போட்டுக் குலுக்கி, சின்ன மின்னடுப்பில் சுட்டெடுத்தால் மிட்டாய் மாதிரி சிவப்பும் நீலமுமாக வருகின்றன. முன்போல் குண்டுக்குப் பூசும் மெழுகு இல்லை, பிசுக்கு இல்லை.

“இது அது இல்ல ரோஸ். வேற விஷயம். ஈயத்துக்குச் சட்டை போட்டுடறோம்.”

திரும்பி வருகிறவர் பழையதற்குத் திரும்புவதே இல்லை, கவனியுங்கள். எப்போதும் ‘வேற விஷய’த்துக்குத்தான் வருகிறார்.

“சட்டை அப்புறம் போடுவ. காய்ச்சறப்ப மூச்சை அடக்கிட்டு நிப்பியா?” என்றாள் ரோஸ்லின். “அறுவடை முடிஞ்சதும் ரத்தம் குடு. ஏறியிருந்தா எல்லாம் வெளிய. பொண்ணுக்குக் குழந்தை பொறக்கப் போகுது, ஞாபகம் இருக்கட்டும். கை நடுங்கற தாத்தாகிட்ட யாரும் குழந்தையைக் குடுக்க மாட்டாங்க.”

“சரி” என்றார். எதற்கும் சரி என்பார், அப்போதைக்கு.

டெல்பர்ட் வீட்டுக்குப் போனார். “டேய், இது என் சட்டிடா!”

“வித்தியே, அது வரைக்கும் உன்னுது. இப்ப என்னுது. அதான் விலை ஏறியிருக்கு.”

அதற்குப் பிறகு டயர் கடை வாசல்களில் டோனட் பெட்டியும் இளிப்புமாக நின்று, சக்கரம் ஆடாமலிருக்க அதில் ஒட்டும் பழைய ஈயத் துண்டுகளை வாளி வாளியாக வாங்கி வந்து, குளிர் அடிக்கிறதென்று கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சி, கழுவாத கையால் நடுநடுவே சாண்ட்விச் கடித்து, வார்த்த குண்டுகளை வண்ணவாரியாகக் கண்ணாடி ஜாடிகளில் அடுக்கினார். துப்பாக்கியில் போட்டுச் சுட்டாரா?

“இதையா?” என்று பதறினார், டெல்பர்ட் கேட்டபோது. “எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு!”

இவர் எவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் கராஜுக்குப் போகாதீர்கள். சமையலறையை எட்டிப் பாருங்கள்.

“என் சின்ன அடுப்பு எங்க வெர்ன்?”

“கராஜ்ல. ஒரே ஒரு ஈடுதான்...”

“கொண்டா.”

“கொண்டாரலாம். ஆனா அதுல இனிமே சாப்பாடு கூடாது கண்ணு. ஈயம் பட்ட அடுப்பு. பாதுகாப்பு விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு.”

“மஃபின் தட்டு?”

“ஈயக்கட்டி ஊத்தினேன்.”

“எங்கம்மாவோட ஜல்லிக்கரண்டி?”

வெர்ன் கூரையைப் பார்த்தார்.

“ஒரு ரொட்டிக்கு ஆகாதது உன் நெஞ்சுக்கு ஆகுமாய்யா?” ரோஸ்லின் கத்தவில்லை.

அறுவடை முடிந்தது. ரத்தம் கொடுத்தார். ஈயம் ஏறியிருந்தது. அந்த லேபே சரியில்லை, ஊசி பழசு, காலையில் தின்ற மீன் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரோஸ்லின் டெல்பர்ட்டைக் கூப்பிட்டுவிட்டாள். டெல்பர்ட் வண்டியை அணைக்கக்கூட இல்லை. சட்டியை ஏற்றினான், ஜாடிகளை ஏற்றினான், வெர்னின் முதுகில் தட்டினான்.

“உடம்பைத் தேத்திக்கிட்டு வாடா. சட்டியைத் துடைச்சு வைக்கறேன்.”

அன்று சாயங்காலம் கம்பளிக் காலுறை ஒன்று கனத்துப்போய் அலமாரியின் அடித்தட்டுக்குத் திரும்புவதை ரோஸ்லின் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ஏன் என்கிறீர்களா? தோளில் மாட்டி வாசிக்கும் அக்கார்டியனை, தோள்வலிக்குப் பயந்து அவள் விற்றது ஊருக்குத் தெரியும். அதன் தோல்பட்டை மேல்தட்டில், துண்டுகளுக்கு அடியில் சுருண்டு கிடப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் அலமாரியின் அடித்தட்டைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். ஜோடியில்லாத காலுறை ஏதாவது கனமாகத் தட்டுப்பட்டால் சொல்லுங்கள், டெல்பர்ட்டின் நம்பர் தருகிறேன். வாங்குவதும் அவன்தான், திருப்பி விற்பதும் அவன்தான்.