லிங்கப்ப சுவாமிகளின் டேட்டாபேஸ் சர்வீஸ்

ஆயுதபூஜை வந்தால் மைசூரில் சைக்கிள் முதல் லாரி வரை சந்தனம் பூசிக்கொள்ளும். தொண்ணூற்றாறில் கம்ப்யூட்டரும் அந்த வரிசையில் வந்து நின்றது. ஹெப்பாளில் ஓர் ஊதுபத்தி கம்பெனி வாசலில் கூட்டமான கூட்டம்! மொபெட்டில், ஆட்டோவில், தலைச்சுமையாகக்கூடப் பெட்டிகள் வந்தன. எல்லாம் லிங்கப்ப சுவாமிகளின் தரிசனத்துக்கு.

சுவாமிகள் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தவர். ஞானம் எந்த பஸ்ஸில் வந்து இறங்கியதோ, இப்போது டேட்டாபேஸ் வைத்தியர்!

"டேட்டாபேஸுன்னா காரு மாதிரிதானுங்க. சும்மா நிறுத்துனா பேட்டரி படுத்துரும். அமாவாசைக்கு அமாவாசை ஆயில் மாத்தோணும். பேரு, விலாசம்னு ரொம்ப ஏத்துனா ஓவர்லோடு, மேடு ஏறாது. கண்ணு பட்டா பஞ்சர்!"

மேனேஜர் கிருஷ்ணஸ்வாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பி.எஸ்ஸி. படித்தவர்தான், படிப்பு பாவம், என்ன செய்யும்? போன வாரம் சுவாமிகள் ரேடியேட்டருக்குத் தீர்த்தம் என்று பிளாப்பி நுழைகிற வாயில் குங்குமத் தண்ணீரை ஊற்றினார். பெட்டி அன்றே செத்தது. வியாபாரிகளின் பெயர், விலாசம் அத்தனையும் அதற்குள்ளே. பழி யார்மேல்? அந்தப் பெட்டியில் வேலை பார்த்துவந்த காவேரிமேல். அவள் கணவனை இழந்தவள்.

"தாலியில்லாதவ கை ஸ்டியரிங் புடிச்சா வண்டி ஓடுமுங்களா? அந்தம்மாவ மாத்துங்க," என்றார் சுவாமிகள்.

"காவேரி, பூஜை முடிஞ்சதும் வேலையை விட்டு நின்னுடுங்கம்மா. சாமி சொல்லிட்டார், அஷ்டே, அவ்வளவுதான்," என்றார் கிருஷ்ணஸ்வாமி.

பிள்ளைகள் அவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகின்றன. காவேரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"நிக்கிறேன் சார். அதுக்கு முன்னால ஒண்ணு. நம்ம பெட்டிக்கு என்ன கோளாறுன்னு சாமி எல்லார் முன்னாலயும் பார்த்துச் சொல்லட்டும்."

சுவாமிகள் பெட்டிமேல் காதை வைத்தார். கண்ணை மூடினார்.

"ஆகா! டேட்டாபேஸ் உசுரோடதான் இருக்குதுங்க. எஞ்சின் முனகுது. பிஸ்டன்ல விதவை தோஷம். பெரிய பூசணியா உடைச்சா ஓடும்."

"முனகல் நல்லாக் கேக்குதா சாமி?"

"உன் பேச்சைவிட நல்லாக் கேக்குது!"

காவேரி மூடியைக் கழற்றித் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தகரம்!

"உள்ள இருந்ததையெல்லாம் முந்தாநாளே நான் கழட்டி ரிப்பேர் கடைக்குக் கொடுத்தாச்சு. குங்குமத்தைத் துடைச்சதும் அங்க ஓடுது. ஒரு பேர்கூடக் குறையலை."

கிருஷ்ணஸ்வாமிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "போய் சீட்ல உக்காருங்கம்மா," என்று முனகினார்.

"என் கையில தோஷம் இல்லைன்னு இத்தனை பேர் முன்னால சொல்லுங்க சார். அப்புறம் உக்கார்றேன்."

சொன்னார். சத்தமாகவே சொன்னார். அந்தக் களேபரத்தில் சுவாமிகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது பார்த்து, வரிசையில் அடுத்து நின்ற பட்டுக்கடை சென்னப்பன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்து வந்தான். "அடடா, சாமி கிளம்பறதுக்குள்ள என்னோடதையும் கொஞ்சம் பாத்துடச் சொல்லுங்க!"

கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். சென்னப்பா, உன் மண்டையைத் திறக்க எதையடா கொண்டுவருவது?