மூணாவது பட்டன்

"மூணையும் ஒரே நேரத்துல அமுக்கணும்ண்ணே. எனக்கு இருக்கது ஒரு கை!"

அய்யப்பனின் வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. திருக்கோகர்ணத்தில் அவன் நடத்தும் பிரவுசிங் சென்டரில், ஜல்லிக்கட்டு டோக்கன் பக்கம் பாதியிலேயே உறைந்துபோய் நின்றது. பன்னிரண்டு மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள். அதற்கு அரை மணி நேரம்கூட இல்லை. வேலைக்கு இருக்கும் இந்துமதி இன்றைக்குப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

பக்கத்தில் மாட்டுக்காரர் அடைக்கலம் வியர்த்து வழிந்தார். "டோக்கன் இல்லாம போனா எஞ் சம்சாரம் செவலையைச் சந்தைக்கு ஓட்டிருவா தம்பி. பருத்திக்கொட்டை போட்டுப் புள்ள மாதிரி வளத்த மாடு."

வாசலில் நின்ற ஆட்டோவுக்குள்ளிருந்து சம்சாரத்தின் குரல் வந்தது. "கெடச்சிருச்சா?"

"இந்தா, ஆச்சு செங்கமலம்!" என்று அடைக்கலம் கூசாமல் பொய் சொன்னார்.

அய்யப்பன் இடது கை விரல்களால் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அமுக்கிப் பிடித்தான். "அங்கிட்டு டெலிட்னு ஒண்ணு இருக்குல்ல? அதை அமுக்குங்க."

அடைக்கலம் கண்ணை இடுக்கிப் பார்த்து, அதற்குக் கீழே இருந்த அம்புக்குறியை அமுக்கினார். திரை தலைகீழாகக் கவிழ்ந்தது.

"என்னண்ணே பண்ணுனீங்க?"

"நீதானப்பா அமுக்கச் சொன்ன!"

"சரி, மேல பாத்த அம்பை அமுக்குங்க. நேராயிரும்."

கயிறு பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் இறங்கியது. அக்கம்பக்கத்து அம்புகளோடு சேர்த்து மூன்றை மொத்தமாக மூடியது. திரை இப்போது பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. இரண்டு பேரும் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"கெடச்சிருச்சா?" என்றது ஆட்டோ.

அய்யப்பனுக்குத் தலை கொதித்தது. "ஒண்ணை அமுக்கச் சொன்னா மூணையும் அமுக்குறீங்களே! இது மலிவு கீபோர்டுண்ணே. ஏகப்பட்டதைச் சேத்து அமுக்குனா ஒண்ணு ரெண்டைத்தான் எடுத்துக்கும். மிச்சத்தைக் கண்டுக்காது."

அடைக்கலத்தின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம வாடிவாசல் ரூலுல்ல இது! ஒரு மாட்டை ஒரு ஆளுதான் பிடிக்கணும். மூணு பேரு சேந்து திமில்ல தொத்துனா பிடி செல்லாது."

"தெரியும்," என்று பல்லைக் கடித்தான் அய்யப்பன்.

விஷயம் புரிந்துவிட்ட உற்சாகத்தில் அடைக்கலம் விரலை நம்பாமல் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு குத்து குத்தினார். திரை நேரானது. அடுத்த குத்து டெலிட்டில் சரியாக விழுந்தது. அதே வேகத்தில் முழங்கை மேஜையில் இருந்த டீ கிளாஸில் இடித்து, சூடான டீ மாவுக்கட்டுக்குள் இறங்கியது.

"ஆத்தா!" என்று அலறினான் அய்யப்பன்.

"அடடா! கை எப்புடி ஒடஞ்சுச்சு தம்பி?"

"பைக்குல இருந்து விழுந்துட்டேன்." வீட்டில் மனைவி ராஜலட்சுமியிடம் சொல்லி வைத்திருக்கும் அதே பதில்தான்.

நின்றுபோன பக்கத்தை மூடி, மறுபடி திறந்து, செவலையின் படத்தை ஏற்றினார்கள். கடைசியில், கோணல்மாணலாகத் தெரிந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னது திரை. அய்யப்பன் ஷிப்ட்டைப் பிடித்துக்கொள்ள, அடைக்கலம் பேனாவால் ஒவ்வொன்றாகக் குத்தினார். தப்பு என்றது. மறுபடி குத்தினார். அதுவும் தப்பு. பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் பச்சை டிக் விழுந்தது.

பிரிண்டர் டோக்கனைத் துப்பியது. அடைக்கலம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஒன் புண்ணியத்துல எஞ் செவலை தப்பிச்சுச்சு தம்பி!"

இனி மாடு என்று யார் வந்தாலும் ஷட்டரை இறக்கிவிடுவது என்று அய்யப்பன் முடிவு செய்தான். ஆனாலும் நாலு பேருக்கு நல்லது செய்த திருப்தி இல்லாமல் இல்லை.

பொறுமை இழந்த செங்கமலம் ஆட்டோவை விட்டு இறங்கி உள்ளே வந்தாள். டோக்கனைப் பார்க்கவில்லை. அய்யப்பனின் முகத்தையும் மாவுக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, போன மாசம் நம்ம செவலையை மூணு பேரு சேந்து பிடிச்சாங்கள்ல? ரெண்டு பேரை விட்டுட்டு மூணாவது ஆளை மட்டும் தூக்கிக் கடாசுச்சே, அந்தத் தம்பிதானே இது?"