ஒரு மண்டல வாரண்டி

வாரண்டிக்காரர் என்று ஓர் இனம் நம் தீவில் வாழ்கிறது. வாரண்டி கொடுப்பவர் அல்ல. வாரண்டியால் உயிர் வாழ்பவர். புது ரைஸ் குக்கர் வாங்கினால் மற்றவர்கள் சோறு வைத்துப் பார்ப்பார்கள். இவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாரண்டி அட்டையை எடுத்து, தேதியை எழுதி, ரசீதை அதோடு சேர்த்துப் பின் அடித்து, அந்தப் பின் துருப்பிடிக்குமா என்று யோசித்து, பின்னைப் பிடுங்கிவிட்டு கிளிப் போட்டு, கோப்பில் சொருகி, கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கும்போது வீட்டில் எல்லாரும் கீழே காப்பிக்கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். சோறா முக்கியம்?

இந்த இனத்தை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டு ஷெல்டரைத் திறந்தால் போதும். குண்டு விழுந்தால் குடும்பம் பிழைத்துக்கொள்ளட்டும் என்று தடித்த சுவரும் இரும்புக் கதவும் வைத்துக் கட்டிக்கொடுத்த அறை அது. அங்கே தரையிலிருந்து கூரை வரை காலிப் பெட்டிகள். மிக்ஸிப் பெட்டி, இஸ்திரிப் பெட்டியின் பெட்டி, பேசாமல் போய்ச் சேர்ந்த மூன்று கைபேசிகளின் பெட்டிகள். பெட்டி இல்லாமல் வாரண்டி செல்லாது என்று யாரோ எப்போதோ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. குண்டு விழுகிற நாளில் பெட்டிகள் பத்திரமாக இருக்கும். குடும்பம் வெளியே நின்றுகொள்ள வேண்டியதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைப் பிடித்து மேசைமேல் வைப்போம். பெயர் இளமாறன். வயது நாற்பத்தாறு, வேலை தஞ்சோங் பகாரில், வீடு பொங்கோலில். மனைவி சிவகாமசுந்தரி என்னிடம், மன்னிக்கவும், அவரிடம் அடிக்கடி சொல்வது இது: "உங்க பயத்துக்கு, பொறந்தப்பவே நர்ஸ்கிட்ட ரசீது கேட்டிருப்பீங்க."

இவர்களுக்கு ஒரே மகள், நிரஞ்சனா. பதினான்கு வயது. டிவியில் செருகி விளையாடும் கேம் கன்சோல் ஒன்று வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். புதிது வாங்க இளமாறனுக்கு மனம் வரவில்லை; பழையது வாங்கத் துணிவு வரவில்லை. அறிவியலில் எண்பது எடுத்தால் பார்க்கலாம் என்று ஒருநாள் வாய் விட்டுவிட்டார். பெண் எண்பத்து மூன்று எடுத்துவிட்டாள். இனி தப்ப வழியில்லை. கைபேசியில் விளம்பரம் விளம்பரமாகத் தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது: 'பயன்படுத்தியது, நல்ல நிலை, ரசீது உண்டு, வாரண்டி மிச்சம் நாற்பத்தெட்டு நாள்.'

நாற்பத்தெட்டு! சரியாக ஒரு மண்டலம். சாமியே கணக்குப் பார்த்துக் கொடுத்தது என்று இளமாறன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சந்திக்கும் இடம் செங்காங் ரயில் நிலையம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழிதான். கன்சோலை விற்கும் ஆர்னால்ட், கருப்புச் சட்டையெல்லாம் வெள்ளை முடியோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டண வாயிலுக்கு வெளியே நின்றான்.

"அங்கிள், வெளிய வாங்களேன். உட்கார்ந்து பார்க்கலாம்."

"வெளிய வந்தா மறுபடி உள்ள வரக் காசு தம்பி. நீங்க அங்கேயே நில்லுங்க."

தடுப்புக்கு இந்தப்பக்கம் இவர், அந்தப்பக்கம் அவன். நடுவில் முப்பத்தொரு கேள்விகள். எங்கே வாங்கினாய், எத்தனை மணிக்கு வாங்கினாய், கீழே போட்டாயா, காப்பி கொட்டினாயா, கொட்டியிருந்தால் சர்க்கரை போட்ட காப்பியா? ஆர்னால்ட் நல்ல பிள்ளை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கடைசிக் கேள்வியில்தான் மிரண்டுவிட்டான்.

"வாரண்டி மெஷினுக்கா, உங்களுக்கா?"

"என்ன அங்கிள்?"

"வாங்குனது நீங்க. இப்ப வச்சிக்கப்போறது நான். வாரண்டி மெஷினோட என் வீட்டுக்கு வருமா, இல்ல உங்களோட செங்காங்லயே நின்னுடுமா?"

"அடுத்த மாசம் எனக்கு சர்ச்ல கல்யாணம் அங்கிள். 'அது வேணுமா நான் வேணுமா'ன்னு ஷார்லீன் கேட்டுட்டா. வாரண்டியெல்லாம் நான் யோசிக்கவே இல்ல லா."

"கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் யோசிக்கணும் தம்பி."

அவனை நிற்க வைத்துக்கொண்டே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். அந்தப்பக்கக் குரல் அலுப்பாகச் சொன்னது: ஒரிஜினல் ரசீது இருந்தால் யார் கொண்டுவந்தாலும் பார்ப்போம், இல்லாவிட்டால் யார் வந்தாலும் பார்க்க மாட்டோம். ஆக, வாரண்டி மெஷினுக்கும் இல்லை, மனிதனுக்கும் இல்லை. மூன்று விரல் அகலக் காகிதத்துக்கு. இளமாறன் முதலில் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அப்புறம்தான் கன்சோலைத் தடுப்புக்கு மேலாகத் தூக்கி வாங்கிக்கொண்டார்.

ரசீதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஒரிஜினல் என்றால் ஒரிஜினல்தான். தவிர, படம் எடுக்கும் கைபேசிக்கே வாரண்டி முடிந்து எட்டு மாதம். அதை நம்புவதா?

முதல் நாள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். நிரஞ்சனா கன்சோலைச் செருகிவிட்டு, ஆர்னால்ட் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது கன்ட்ரோலரை நீட்டினாள். "அப்பா, நீங்களும் வாங்க. ரெண்டு பேர் விளையாடுற கேம் இது."

"அது ஸ்பேரா இருக்கட்டும்மா. நீ விளையாடு, நான் செக் பண்றேன்." செக் பண்ணுவது என்றால், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தம், சூடு, வாசனை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது.

அவருடைய தத்துவம் எளிமையானது. கெடுவது என்று இருந்தால் வாரண்டிக்குள் கெட்டுவிட வேண்டும். நாற்பத்தொன்பதாம் நாள் கெட்டால் நம் தலையில் விடியும். ஆகவே மெஷினைப் போட்டு வாட்டி எடுக்க வேண்டும். பிள்ளைகளிடமிருந்து கன்சோலைப் பிடுங்கி ஒளித்துவைக்கும் ஊரில், விளையாடு விளையாடு என்று பெற்ற பெண்ணை விரட்டிய ஒரே தகப்பன் இவராகத்தான் இருப்பார்.

"என்னம்மா சும்மா உட்கார்ந்திருக்க? போய் விளையாடு."

"ஹோம்வொர்க் இருக்குப்பா."

"ஹோம்வொர்க் எங்க ஓடிடப்போகுது? அதுக்கு என்ன வாரண்டியா முடியுது?"

சிவகாமசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். பெண்ணுக்குத் தமிழ் வகுப்பு இருந்தது, தூக்கம் இருந்தது, விரலில் வலி இருந்தது. இரண்டு வருடம் ஆசைப்பட்ட பொருள் பத்து நாளில் வீட்டுப்பாடத்தைப்போலக் கசக்கத் தொடங்கியது. இளமாறன் நோட்டிலோ பதின்மூன்றாம் நாள் இப்படி எழுதியிருந்தது: 'சத்தம் வெகுவாகக் குறைந்துள்ளது. மெஷின் நம் வீட்டுக்குப் பழகிவிட்டது.'

இருபதாம் நாள் ரசீதை எடுத்துப் பார்த்தார். எழுத்து மங்குகிறது! தேதியில் இருந்த எட்டு மூன்றாகிக்கொண்டிருந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் மனிதனே மங்குகிறான், காகிதம் என்ன செய்யும்? அன்று மாலையே தேக்காவில் இறங்கி, நஃபீசாவின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார்.

"இதை லேமினேட் பண்ணிக் குடுங்கம்மா."

நஃபீசா ரசீதைத் தடவிப் பார்த்தாள். "அண்ணே, இது சூட்டுல அச்சடிக்கிற பேப்பர். மெஷின்ல விட்டா கருத்துடும்."

"கருக்காம போடுங்க."

"கருக்காம எப்படிண்ணே போடுறது? ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போங்க. இருபது காசுதான்."

"ஜெராக்ஸ் ஒரிஜினல் ஆயிடுமா?" இந்த வயதில் தனக்கே காகிதத்தைப் பற்றிப் பாடமா என்று இளமாறனுக்குச் சுருக்கென்றது. "நீங்க போடுங்கம்மா, நான் பார்த்துக்கறேன். இந்த லேமினேஷன் எத்தனை நாள் தாங்கும்?"

"அது பத்து வருஷம் தாங்கும்ணே," என்று சொல்லிவிட்டு அவள் மெஷினில் விட்டாள். இந்தப்பக்கம் ரசீதாக நுழைந்தது, அந்தப்பக்கம் கருவாட்டுத் துண்டாக வெளியே வந்தது. பளபளவென்று, விளிம்பு மடங்காமல், ஓர் எழுத்துக்கூட இல்லாமல். நஃபீசா பாவம், காசு வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். இவர் இரண்டு வெள்ளியை எடுத்துவைத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? அதன் விலை தேக்காவில் இரண்டு வெள்ளி.

இனி கன்சோல் கெட்டால் கேட்க நாதி இல்லை. இன்னொன்று வாங்கித்தரவும் கை வராது. எண்பத்து மூன்று எடுத்த பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாமா? மச்சான் வாங்கிய காருக்கும் மாமியார் கட்டிக்கொண்ட பல்செட்டுக்கும் "வாரண்டி பேப்பர் பத்திரமா இருக்கா?" என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற வாய், எப்படிச் சொல்லும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல அந்தக் கருப்பு அட்டையைக் கோப்புக்குள் மறைத்தார்.

மறுநாளிலிருந்து வீட்டில் சட்டம் தலைகீழாயிற்று.

"எதுக்கும்மா ஓயாம விளையாடுற? மெஷின் பாவம் இல்ல?"

"நீங்கதானேப்பா விளையாடச் சொன்னீங்க!"

"அது போன வாரம்."

கன்சோலுக்கு எதிரில் மேசை விசிறி வந்தது. நிரஞ்சனா வியர்வையோடு உட்கார்ந்திருக்க, மெஷினுக்குக் காற்று வீசியது. அரை மணிக்கு ஒருமுறை சுவிட்சை அணைப்பார். சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் போன வாரம் கெட்டுவிட வேண்டும் என்று வேண்டியவர், இந்த வாரம் கெடக்கூடாது என்று வேண்டினார். அம்மனுக்கே குழப்பமாக இருந்திருக்கும். ஒருநாள் நிரஞ்சனா கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, "உங்களுக்கு என்னதான்ப்பா வேணும்? எனக்கு இது வேணாம், வித்துடுங்க," என்றாள். கண்ணில் நீர். இளமாறனுக்குத் தான் செய்த கோணல் வேலைக்குப் பெண் அழுகிறாளே என்று வெட்கமாக இருந்தது. இருந்தும், இன்னும் பதினாறு நாள் ஓடிவிட்டால் யாருக்கும் தெரியாமல் கரையேறிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. மெஷின் கெடவில்லை. கையில் லட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"என்ன விசேஷம்?" என்றாள் சிவகாமசுந்தரி.

"வாரண்டி முடிஞ்சிடுச்சு."

அவள் லட்டை வாங்காமல் இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நிரஞ்சனா நிமிர்ந்தாள். "அப்ப இனிமே நான் விளையாடலாமா? இல்ல இதுக்கும் ஒரு ரூல் இருக்கா?"

அந்தக் கேள்வியில் ஆசை இல்லை, அலுப்புதான் இருந்தது. அதுதான் அவரை உடைத்தது. கோப்பைத் திறந்து கருப்பு அட்டையை மேசைமேல் வைத்தார். "இதான்ம்மா ரசீது. நான்தான் லேமினேட் பண்ணேன். கடைக்காரப் பொண்ணு வேணாம்னு சொல்லுச்சு, நான் கேக்கல. இருபது நாளா... இல்ல, இருபத்தெட்டு நாளா நமக்கு வாரண்டியே இல்ல. பயத்துலதான் உன்னை விளையாட விடல. தப்பு என்னோடது."

நிரஞ்சனா எழுந்து போய்க் கன்சோலைத் தூக்கி வந்து, கவிழ்த்துக் காட்டினாள். 'பிரித்தால் வாரண்டி செல்லாது' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் நடுவில் கிழிந்து, அதன்மேல் டேப் ஒட்டியிருந்தது.

"பன்னெண்டாம் நாளே கெட்டுப்போச்சுப்பா. குர்ருனு கத்திட்டு அணைஞ்சிடுச்சு. உங்ககிட்ட சொன்னா சந்தோஷமா சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போயிடுவீங்க, எப்ப திரும்பி வரும்னு தெரியாது. ஸ்கூல்ல குடுத்த ஸ்க்ரூடிரைவர்ல நானே திறந்துட்டேன். உள்ள ஃபேன் பூரா பூனை முடி. சுத்தம் பண்ணதும் ஓடிடுச்சு."

பூனை! முப்பத்தொரு கேள்வியில் பூனை வளர்க்கிறாயா என்று ஒரு கேள்வி இல்லை. வெள்ளை முடி ஒட்டிய சட்டையோடு அவன் எதிரில் நின்றபோது இவர் ரசீதின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மெஷின் நம்ம வீட்டுக்குப் பழகல?" என்றார் நோட்டை நினைத்து.

முதலில் சிரித்தவள் சிவகாமசுந்தரி. அப்புறம் பெண். அப்புறம் வேறு வழியில்லாமல் அவர். நிரஞ்சனா இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து நீட்டினாள். இந்த முறை இளமாறன் தரையில் உட்கார்ந்து அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். முதல் ஆட்டத்தில் அவர் நாற்பது வினாடியில் செத்தார். அப்பாவுக்கு விளையாடவே வராது என்ற சந்தோஷத்தில் பெண் துள்ளினாள்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. கிழித்த உறையை மடித்துக் கன்சோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஷெல்டரில் வைத்தார். கருப்பு ரசீது இன்றும் கோப்பில் 'க' வரிசையில் இருக்கிறது. இளமாறன் என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. உண்மைப் பெயரைப் போட வேண்டாம் என்று காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் வந்து என்னைக் கேட்டுக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு ஷெல்டரையோ பரணையோ திறந்து பாருங்கள். மெதுவாகத் திறவுங்கள், மேலே இருக்கும் பெட்டி தலையில் விழும். அதற்குள் இருந்த சாமானைத் தூக்கிப்போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். பிறகு பெட்டி மட்டும் ஏன் இருக்கிறது என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பதில் கிடைத்தால் எனக்கும் எழுதி அனுப்புங்கள். என் வீட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நகல் வேண்டாம். ஒரிஜினல்.