மாத்திரை படாத நாக்கு

"தொடாத! அதைத் தொட்ட, அப்புறம் நடக்கிறதே வேற!" என்றாள் சுலோசனா.

ஜெயப்ரியா கையை இழுத்துக்கொண்டாள். டி.வி. மேல் கிடந்தது ஒரு மாத்திரை அட்டை, அவ்வளவுதான். மரக்காணத்து டாக்டரம்மா காலையில் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக். அவளுக்கு ஆறாவது மாதம். நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, போதாததற்குக் காய்ச்சல். யூரின் டெஸ்டில் இன்ஃபெக்‌ஷன் என்று வந்திருந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவள் வேலை பார்க்கும் உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் அங்கே எந்தப் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லை.

"டாக்டரம்மா இன்னைக்கே ஆரம்பிக்கச் சொன்னாங்க அத்தை."

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நான் மூணு புள்ள பெத்தேன். ஒரு மாத்திரை இந்த நாக்குல பட்டிருக்குமா? உங்க மாமா கரைச்சுக் குடுத்த கூழுதான் எனக்குச் சத்து. மூணும் எப்படிக் கல்லு மாதிரி இருக்குது பாரு!"

அந்தக் கற்களில் ஒன்றான வெற்றிச்செல்வன், ஜெயப்ரியாவின் கணவன், கட்டிலில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமனார் குப்புசாமி மூலையில் உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் உப்பளத்து வெயிலில் வெள்ளையையே பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போனவர். அந்த வீட்டில் அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. சுலோசனா பேசி முடித்தால்தானே அவர் ஆரம்பிக்க?

ஜெயப்ரியாவுக்கு மாமியாரோடு வாதாடத் தெம்பில்லை. உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். மாத்திரை பிள்ளையை ஏதாவது செய்துவிட்டால்? மாத்திரை போடாததே ஏதாவது செய்துவிட்டால்? யாராவது ஒருவர் திடமாக ஒன்றைச் சொன்னால் போதும், படுத்துவிடலாம் என்றிருந்தது.

"என்னாங்க, நீங்களாவது ஒரு முடிவு சொல்லுங்க."

கேட்டிருக்கக் கூடாது. வெற்றிச்செல்வன் போனில் தேட ஆரம்பித்தான். ஒரு இடத்தில், டாக்டர் சொன்னால் பயப்படாமல் சாப்பிடலாம் என்றிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வீடியோவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தாய்மார்களே, ஜாக்கிரதை!" என்றார். எந்த மாத்திரை என்று அவர் சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

"எதுக்கு ரிஸ்க்கு? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அட்டையை எடுத்துப் பரண் மேல் போட்டான்.

சுலோசனாவுக்குப் பரண் மேல் நம்பிக்கையில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அதை இறக்கி, வேறெங்கோ வைத்தாள்.

இதற்குள் பக்கத்து வீட்டு லூர்துமேரிக்கு விஷயம் எட்டிவிட்டது.

"ஏன்க்கா, இதுக்குப் போயி மாத்திரையா? நெருஞ்சி முள்ளு கஷாயம் வச்சுக் குடு. தண்ணி மாதிரி எறங்கிடும்."

கஷாயம் இறங்கவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்தது. ஜெயப்ரியா வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்ததைத் தெருவே பார்த்தது. என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு லூர்துமேரி விளக்கம் சொன்னாள். தெருக்கோடிக்குப் போவதற்குள் அந்த விளக்கம் நன்றாகவே வளர்ந்துவிட்டது. சாயங்காலம் நாலைந்து பெண்கள் வாழைப்பழமும் பிஸ்கட்டுமாக வந்து ஜெயப்ரியாவின் தலையைத் தடவினார்கள்.

"மனசைத் தேத்திக்கோம்மா. சின்ன வயசுதான. இன்னொண்ணு பொறக்காமலா போயிடும்?"

"அய்யோ, எனக்கு ஒண்ணும் ஆவலக்கா! இதோ, உதைக்குது பாருங்க!"

"பாவம், பொண்ணு இன்னும் நம்ப மாட்டேங்குது" என்று ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்களை வழியனுப்பி முடித்தபோது ஜெயப்ரியாவுக்குக் குளிரெடுத்தது. போர்வைக்குள்ளும் பல் தந்தியடித்தது. இப்போது உண்மையிலேயே பயமாக இருந்தது. யாரையும் கேட்காமல் போனை எடுத்து, சீட்டில் இருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போட்டாள்.

நர்ஸம்மா போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"இன்னுமா ஆரம்பிக்கல? நீ மாசமா இருக்கிறது தெரிஞ்சுதானம்மா, அதுக்கேத்த மாத்திரையாப் பாத்து எழுதியிருக்காங்க! அப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும். கொறமாசத்துலயே வலி கண்டுடும். மொத மாத்திரையப் போட்டுட்டு உடனே கிளம்பி வா!"

ஜெயப்ரியா போனை வைத்தாள். "மாத்திரை எங்க?"

வெற்றிச்செல்வன் பரணில் ஏறித் துழாவினான். பழைய மின்விசிறி கிடைத்தது. போன வருஷம் தொலைந்த அவன் ஹெல்மெட் கிடைத்தது.

"ம்மா, நீ எடுத்தியா?"

சுலோசனா கூரையைப் பார்த்தாள்.

"ஆளாளுக்கு முடிவு பண்றீங்க" என்றாள் ஜெயப்ரியா. கத்தக்கூட அவளால் முடியவில்லை. "காலையிலேர்ந்து எரியுது. எனக்குன்னு ஒருத்தர் கூட நிக்கல. என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்த வீடியோக்காரரு வந்து பதில் சொல்லுவாரா? சொல்லுங்க அத்தை, எங்க வச்சீங்க?"

சுலோசனாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் விட்டுக்கொடுக்கவில்லை.

"எனக்கு மட்டும் அக்கறை இல்லியா? அந்த நர்ஸம்மா எத்தினி பெத்துச்சு? நான் மூணு பெத்தவ! ஒரு மாத்திரை, ஒரே ஒரு மாத்திரை இந்த நாக்குல..."

குப்புசாமி எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போனார். கேழ்வரகு மாவு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கூழ் கரைப்பது அன்றும் இன்றும் அவர் வேலை என்பதால், அந்த டப்பாவில் கை விடுகிறவர் அவர் ஒருவர்தான். மாவு படிந்த அட்டையை ஊதிக்கொண்டே திரும்பி வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரையும் அதையும் மருமகள் கையில் கொடுத்தார்.

"முழுங்கிடு அம்மாடி. உங்க அத்தை தூக்கிப் போட்ட மாத்திரைய எல்லாம் மூணு தடவையும் நான்தான் பொடிச்சுக் கூழுல கலந்தேன். இப்ப எனக்குக் கண்ணு தெரியல, உனக்குப் பொடிக்க முடியாது."