ஜனாவின் சனிக்கிழமையும் அபிஷனின் முதற்பல்லும்

ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஜனாவின் சுட்டுவிரலை அவனுடைய எட்டு மாத மகன் அபிஷன் கடித்தான். ஜனா "ஐயோ!" என்று கத்தினான். அடுத்த கணமே "பல்லு! பல்லு!" என்று அதைவிட உரக்கக் கத்தினான். வெள்ளவத்தையில் மாடிவீடுகளுக்கு இடையில் சுவர் இருக்கிறதே தவிர மறைவு என்று ஒன்றும் கிடையாது. எதிர்வீட்டுச் சரோஜினிதேவி அன்ரி தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடிக்கு வந்துவிட்டார்.

"ஆருக்குப் பல்லு?"

"அபிஷனுக்கு, அன்ரி. கீழ, நடுவில. அரிசி மாதிரி ஒண்டு."

"அப்ப வாற ஞாயிறு கொழுக்கட்டை கொட்டுவம்."

அன்ரி ஓய்வுபெற்ற ஆசிரியை. எந்தக் காரியத்துக்கும் முதலில் நாளைக் குறித்துவிட்டுத்தான் சம்பந்தப்பட்டவர்களிடம் சம்மதம் கேட்பார். பல நாட்களில் அந்த இரண்டாவது வேலை அவருக்கு ஞாபகம் வராது.

ஜனாவின் மனைவி ரூபிகா கத்தவில்லை. அலுமாரியைத் திறந்து நீலநிறக் கொப்பி ஒன்றை எடுத்துத் திகதி போட்டாள். ஐந்து வயது மகள் சாருஜா பிறந்த நாள் முதலாகப் பிள்ளைகளின் 'முதல்'கள் எல்லாவற்றையும் அவள் அதில் எழுதி வருகிறாள். ஜனா அன்றைக்குத்தான் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பழைய பக்கங்களைப் பார்த்தான்.

'சாருஜா குப்புறப் பிரண்டது: செவ்வாய், பகல் பதினொன்று. அவர் ஒஃபிஸ்.'

'முதற்சிரிப்பு: மின்விசிறியைப் பார்த்து. தன்னைப் பார்த்துத்தான் என்று அவர் சொன்னார். பாவம், நான் மறுக்கவில்லை.'

'முதற்சொல்: லைற். அம்மா என்று எழுதக் கை உன்னியது. பொய் எழுதக்கூடாது.'

'முதல் அடி: சனி, காலை ஒன்பதரை. நாலு அடி வைத்து விழுந்தாள். அவர் மைதானம்.'

'மொன்டிசூரிக்கு முதல் நாள்: அவள் அழவில்லை. படலையடியில் நின்று நான் அழுதேன். காவலாளி ஒரு கதிரை கொண்டுவந்து தந்தார்.'

ஜனாவுக்குக் கொஞ்சம் சுட்டது. "இதென்ன, பிள்ளையின்ர கொப்பியோ, நான் வராத நாளுகளின்ர கணக்கோ?"

"ரெண்டும்தான். தனித்தனிக் கொப்பி வாங்கேல்லை." ரூபிகா கொப்பியை மூடினாள். "இஞ்சேருங்கோ, ஒரு விஷயம் கதைக்க வேணும்."

இந்த வசனத்துக்குப் பிறகு ஜனாவுக்கு நல்லது நடந்ததாகச் சரித்திரம் இல்லை. அவன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"உளவளத்துணை டிப்ளோமா, அந்தக் கவுன்சிலிங் படிப்பு. சாருஜா வயித்தில இருக்கேக்க ரெண்டு மாசத்தோட விட்டனானெல்லே? திரும்பத் துவங்கப் போறன். சனிக்கிழமை காலமை, எட்டரையிலயிருந்து பன்னிரண்டரை வரைக்கும்."

"சனிக்கிழமையோ?"

"சனிக்கிழமைதான்."

"வேற நாள் வைக்க மாட்டினமோ?"

"உங்களைக் கேட்டு வைக்கிறதெண்டா எந்த நாளும் வைக்க மாட்டினம்." பிறகு அவள் குரல் இறங்கியது. "இவையின்ர முதற்பல்லு, முதல் அடி எல்லாம் ஆசையா எழுதிறன். எனக்கு அதில ஒரு குறையும் இல்லை. ஆனா இந்த ஆறு வருஷத்தில நான் முதன்முதலாச் செய்தது என்ன எண்டு ஒருநாள் யோசிச்சுப் பாத்தன். ஒரு பக்கம் கூட எழுத இல்லையப்பா."

ஜனாவுக்கு உண்மையிலேயே மனசு கனத்தது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமைதானே! வேறு எந்த நாளையும் அவன் மனைவிக்காக உயிரோடு பிடுங்கிக் கொடுப்பான்.

சனிக்கிழமை காலைகளில் பாமன்கடைப் பக்கத்து மைதானம் ஒன்றில் முப்பத்தைந்து தாண்டியவர்களின் மென்பந்துக் கிரிக்கெட் ஆட்டம். ஆறு வருடங்களில் ஜனா எடுத்த ஆகக்கூடிய ஓட்டம் பதினொன்று. அதிலும் நாலு ஓட்டம் அவன் குனிந்தபோது முதுகில் பட்டுப் போனது. அணித்தலைவர் கொச்சிக்கடை ஒஸ்வால்ட் அவனை எப்போதும் எல்லைக்கோட்டில் மாமரத்துக்குக் கீழே நிறுத்துவார். பந்து அங்கே வராது. யாரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். ஒஃபிஸின் காப்புறுதிக் கோப்பு வராது, சமையல் காஸ் முடியாது, ஒருவருக்கும் மூக்குச் சிந்திவிட வேண்டியதில்லை. நாலு மணித்தியாலம் ஜனா வெறும் ஜனாவாக நிற்பான். அந்த நிழலை இழப்பதா? மாட்டேன் என்று பல்விளக்கும்போது அவன் சபதம் எடுத்தான். வாயில் நுரை இருந்தபடியால் சபதம் வெளியே கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குள் திட்டமும் தயாராகிவிட்டது.

பல்லுக்கொழுக்கட்டை என்றால் தெரியும்தானே. பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையில் வெள்ளைத்துணி போட்டு, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் வெட்டி வைத்த கொழுக்கட்டைகளை மேலே கொட்டுவார்கள். பிறகு புத்தகம், பேனை, நகை என்று முன்னால் பரப்பி வைப்பார்கள். பிள்ளை முதலில் எதைத் தூக்குகிறதோ அதுதான் அதன் வருங்காலம். சாருஜா தன் நாளில் பரப்பியதையெல்லாம் தள்ளிவிட்டு மடியில் விழுந்த கொழுக்கட்டையைத் தின்றாள். இன்றுவரை அந்த வாக்கை அவள் காப்பாற்றி வருகிறாள்.

"இஞ்ச பாரும்," என்றான் ஜனா, இடியப்பத்தைப் பிசைந்தபடி. "நாங்கள் சண்டை பிடிக்க வேண்டாம். பிள்ளையே தீர்ப்புச் சொல்லட்டும். புத்தகத்தை எடுத்தானெண்டா அவன் படிப்பாளி. வீட்டில படிப்புச் சூழல் வேணும். நீர் வகுப்புக்குப் போம், நான் வீட்டில நிண்டு ரெண்டு பேரையும் பாக்கிறன். பந்தை எடுத்தானெண்டா விளையாட்டுக்காரன். வீட்டில விளையாட்டுச் சூழல் வேணும். நான் மைதானத்துக்குப் போறன். சரியோ?"

"ஓம்," என்றாள் ரூபிகா.

ஒரே சொல். பத்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவன் சொன்ன எதற்கும் அவள் ஒரே சொல்லில் சம்மதித்தது கிடையாது. அங்கேயே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவனோ இன்னும் ஒரு கரண்டி சொதி விட்டுக்கொண்டான்.

செவ்வாய் விடிய ஐந்தரைக்குப் பயிற்சி தொடங்கியது. ரூபிகா போர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஜனா பிள்ளையைப் பூனைநடையில் ஹோலுக்குத் தூக்கிவந்து, பாய் விரித்து, புத்தகமும் பேனையும் பந்தும் பரப்பினான். அபிஷன் தகப்பனின் மூக்குக்கண்ணாடியை எடுத்தான்.

புதன்கிழமை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். அபிஷன் நேரே புத்தகத்துக்குத் தவழ்ந்துபோய் அதன் மூலையைச் சப்பினான். ஜனாவுக்கு வியர்த்தது. இப்படி ஒரு படிப்பாளி தன் வயிற்றில் வந்து பிறந்தானே என்று கலங்கினான். பிறந்தது ரூபிகாவின் வயிற்றில் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை பந்தில் கதலிவாழைப்பழத்தை மசித்துப் பூசினான். அபிஷன் பந்தைப் பிடித்தான். உடனே ஜனா கையைத் தூக்கி, கன்னத்தை உப்பி, குரங்குபோல் குதித்துக் காட்டினான். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. மறுபடி பந்து. மறுபடி குரங்கு. நாற்பத்தொரு வயதில் இப்படி இருபத்தெட்டுத் தடவை குதித்தவனுக்கு முழங்கால் என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

அறைவாசலில் சாருஜா நின்றாள்.

"எக்ஸர்சைஸ், குஞ்சு."

"தம்பிக்கு வாழைப்பழப் பந்து குடுத்தனீங்கள். நான் பாத்தனான்."

"அம்மாட்டச் சொல்லக்கூடாது. சொக்லேட் தாறன்."

"எத்தினை?"

இந்தப் பிள்ளை கொழுக்கட்டையைத் தின்றது சும்மா இல்லை. மூன்றில் பேரம் முடிந்தது. வெள்ளியும் சனியும் வாழைப்பழமே தேவைப்படவில்லை. பந்தைக் கண்டதும் அபிஷன் பாய்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிறைய ஆட்கள். ஒஸ்வால்ட் ஒரு கேக்கோடு வந்திருந்தார். சரோஜினிதேவி அன்ரி கொழுக்கட்டையைக் கொட்டினார். அபிஷன் அழவில்லை; தலையிலிருந்து உருண்டதை விளையாட்டாகப் பார்த்தான். ரூபிகா பொருட்களைப் பரப்பினாள். பந்தை அவளே நன்றாகத் துடைத்து நடுவில் வைத்தாள். ஜனா கதிரையின் நுனிக்கு வந்தான்.

அபிஷன் புத்தகத்தைப் பார்த்தான். பேனையைப் பார்த்தான். அன்ரியின் தங்கச் சங்கிலியைக் கையால் தட்டிவிட்டான். பந்தைத் தூக்கினான். தூக்கிக்கொண்டு தகப்பனை நிமிர்ந்து பார்த்தான், இன்னும் ஏன் குதிக்கவில்லை என்று கேட்பதுபோல.

"மச்சான்! அந்தப் பிடியைப் பாரு! ஸ்பின் போடுற கை!" என்று ஒஸ்வால்ட் எழும்பிவிட்டார்.

வெற்றி ஜனாவின் வாய்க்கு வந்தது. அங்கேயாவது அவன் அதை மூடியிருக்கலாம். அவனோ கதிரையைத் தள்ளிவிட்டு நடுஹோலில் நின்று பேசத் தொடங்கினான்.

"அன்ரி, விளையாட்டெண்டது சின்ன வயசிலயே ஊற வேணும். மைதானத்து மண் காலில பட வேணும். காலமை வெய்யில் உடம்பில பட வேணும். பந்துச் சத்தம் காதில விழ வேணும். வீட்டுக்குள்ள பொத்திப் பொத்தி வளத்தா இந்தத் திறமை வீணாப் போடும்!"

"அன்ரி, இவர் சொன்னதைக் கேட்டனீங்களே?" என்றாள் ரூபிகா.

"ஓம் பிள்ளை. நல்லாச் சொன்னார்."

"ஒஸ்வால்ட் அண்ணை?"

"கேட்டேன் தங்கச்சி. நூத்துக்கு நூறு உண்மை."

ரூபிகா சிரித்துக்கொண்டு போய், பெரிய கொழுக்கட்டையாகப் பார்த்து எடுத்துவந்து கணவனின் வாயில் வைத்தாள். இப்படித் தோற்பதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும் என்று ஜனா மென்றபடி நினைத்தான். கண் கூடக் கலங்கியது.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவன் வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக, சீட்டியடித்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தான்.

வாசலில் ஒரு பெரிய பை இருந்தது. அதன் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு சாருஜா, சப்பாத்துப் போட்டபடி. அவளுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் அபிஷன், தலையில் சின்ன வெள்ளைத்தொப்பி, கையில் பந்து. எல்லோருக்கும் பின்னால் ரூபிகா, பருத்திச் சேலையில், கையில் ஒரு கோப்போடு நின்றாள்.

"இவை எங்க போகினம்?"

"மைதானத்துக்கு. உங்களோட."

"என்னோடயோ? பந்தை எடுத்தா நான் மைதானத்துக்குப் போறதெண்டுதானே கதை?"

"போங்கோவன். ஆர் வேண்டாமெண்டது? ஆனா விளையாட்டுக்காரன் அவனெல்லே. மண் காலில பட வேணும், வெய்யில் உடம்பில பட வேணும் எண்டு எல்லாருக்கும் முன்னால நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒஸ்வால்ட் அண்ணையிட்டயும் சொல்லிப்போட்டன். மாமரத்துக்குக் கீழ பாய் விரிச்சு வைக்கிறாராம்."

மாமரத்துக்குக் கீழே! ஜனா தொப்பியைக் கழற்றினான்.

"சாருஜா பாவம், அவளையேன் வெய்யிலுக்க..."

"தம்பி தவழ்ந்தா பிடிக்க ஆள் வேணுமெல்லே. அவள் மூண்டு சொக்லேட்டுக்கு ஒத்துக்கொண்டிட்டாள்." ரூபிகா பையைத் திறந்து காட்டினாள். "பத்து மணிக்குக் கஞ்சி. பதினொண்டுக்கு வாழைப்பழம். பந்தில பூச வேண்டாம், வாயில குடுங்கோ."

ஜனா மெதுவாக வாசற்படியில் குந்தினான். "உமக்குத் தெரியுமோ?"

"அஞ்சு நாளும் தெரியும். விடியக் காலமை பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொண்டு போகேக்க என்னத்துக்கு நான் எழும்ப வேணும்? எட்டு மாசத்துக்குப் பிறகு அஞ்சு நாள் ஏழு மணிவரைக்கும் நித்திரை கொண்டனான். சத்தியமாச் சொல்லிறன், உங்களில நல்ல விருப்பம் வந்தது." அவள் குனிந்து இரண்டு பிள்ளைகளையும் கொஞ்சினாள். நிமிர்ந்தபோது கண்கள் மினுங்கின. "எனக்குப் பயமா இருக்கப்பா. வகுப்பில எல்லாம் சின்னப் பிள்ளையளா இருக்குங்கள். ஆனா சந்தோஷமாவும் இருக்கு."

அந்த முகத்தைப் பார்த்தபிறகு அவனால் கோபப்படவும் முடியவில்லை. ஆனாலும் தோற்றவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டுமல்லவா.

"அவன் புத்தகத்தை எடுத்திருந்தா?"

"வகுப்புக்குப் போயிருப்பன்."

"ஒண்டையும் எடுக்காம நித்திரையாப் போயிருந்தா?"

"நித்திரையாப் போன பிள்ளையை விட்டிட்டு வகுப்புக்குப் போறது இன்னும் சுகமெல்லோ."

கீழே ஓட்டோ ஹோர்ன் அடித்தது. ரூபிகா தொலைபேசியில் "ஹரி மல்லி, எனவா, எனவா!" என்று ஓட்டோக்காரத் தம்பிக்குச் சிங்களத்தில் 'வாறன், வாறன்' சொல்லிக்கொண்டே மின்தூக்கிக்குள் ஏறினாள். ஜனா தள்ளுவண்டியை ஒரு கையாலும் பையை மறுகையாலும் பிடித்தபடி ஓடிப்போய்க் கதவு மூடமுதல் காலை வைத்தான்.

"ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் போம். இந்த வகுப்புக்கு எப்ப பதிஞ்சனீர்?"

"பல்லு முளைக்க மூண்டு கிழமைக்கு முதல்," என்றாள் ரூபிகா.