தம்பி படம் ஹவுஸ்ஃபுல்

நடிகர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. நடிகருக்குக் கூடப் பிறந்தவர் என்று ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். படம் ஓடும்போது இவர்கள் திரையைப் பார்க்கமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு அரை நிமிடம் முன்பே சிரித்துவிட்டு, நீங்கள் வந்து சேருகிறீர்களா என்று காத்திருப்பார்கள். நீங்கள் கொட்டாவி விட்டால், "இருங்க, இனிமேதான் படமே இருக்கு" என்பார்கள். படம் முடிந்து, விளக்கெரிந்து, கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்து நின்ற பிறகும் அதையேதான் சொல்வார்கள். இன்னோர் அடையாளம், கழுத்து. எப்போதும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும்.

தென்கொரியாவில் வொன்ஜு நகரத்துச் சந்தையில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் விற்கும் மல்சுன் அக்காவுக்கு அந்த மாதம் கழுத்துப் பிடிப்பு உச்சத்தில் இருந்தது. தலைநகர் சியோலில் நடிகராக இருக்கும் தம்பி கிசொங்கின் படம் வெளியாகியிருந்தது. 'நாளைக்குப் பரீட்சை, இன்றைக்கு அப்பா' என்று பெயர். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முதல் நாள், ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் கையில் யாரோ ஒரு குழந்தையைத் திணித்து, "நீதான் அப்பன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் பாதியில் குழந்தை எல்லோர் மேலும் மூத்திரம் பெய்கிறது. இரண்டாம் பாதியில் எல்லோரும் மழையில் நின்று அழுகிறார்கள். அவ்வளவுதான். படத்தில் ஒழுங்காக நடித்தது அந்தக் குழந்தை ஒன்றுதான் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

கிசொங் அதில் மருந்துக்கடைக்காரர். "தம்பிக்கா பால்பவுடர்?" என்று கேட்பார். "இல்ல, என் பையனுக்கு" என்று மாணவன் சொன்னதும் மேசைக்குப் பின்னால் மயங்கி விழுவார். அதோடு அவருக்குப் படம் முடிந்தது. அக்காவுக்கு அங்கேதான் படம் ஆரம்பம்.

"படம் பாத்தீங்களாண்ணே?" என்று பக்கத்து இறைச்சிக்கடை டொக்மானைக் கேட்டார்.

"பாத்தேன்மா. அந்தக் குழந்தை என்னமா..."

"குழந்தைய விடுங்க. மருந்துக்கடை எப்படி?"

"மருந்துக்கடையா? அலமாரியெல்லாம் நீட்டா அடுக்கி வெச்சிருந்தாங்க."

"என் தம்பி விழுந்தானேண்ணே!"

"விழுந்தானா? அப்ப நான் பாப்கார்ன் வாங்கப் போயிருந்திருப்பேன்."

அன்றைக்கு டொக்மானின் டப்பாவில் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் கொஞ்சம் குறைவாகவே விழுந்தது.

சனிக்கிழமை இயக்குநரும் கதாநாயகனும் கிசொங்கும் வொன்ஜு தியேட்டருக்கு வந்து, படத்துக்கு முன்னால் மேடையேறி வணக்கம் சொல்வதாக ஏற்பாடு. "நம்ம ஊர் மேடைக்கா!" என்று தம்பி தொலைபேசியில் குதித்தார். ஆனால் தியேட்டர் மேலாளர் வேறு மாதிரி சொன்னார்: "முதலாளியம்மா, முன்பதிவே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சீட்டு நிரம்பலைன்னா நிகழ்ச்சி ரத்து."

ரத்தா? அம்மா ஆலைக்கு வேலைக்குப் போன காலத்தில், அக்கா தன் பதின்மூன்று வயதில் முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்த தம்பி. படத்தில் வரும் மூத்திரமெல்லாம் அக்கா முதுகு ஏற்கெனவே பார்த்ததுதான். சொந்த ஊர் மேடை அவனுக்கு இல்லாமல் போவதா?

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு படம் ஓடவேண்டும் என்று ஆசை, உட்கார்ந்து பார்க்கத்தான் முடியாது என்றால், டிக்கெட்டை மட்டும் வாங்கிவிட்டு வீட்டில் இருந்துகொள்வார்கள். உயிரை அனுப்பிவைப்பது என்று அதற்குப் பெயர். உடம்பு வீட்டில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருக்கும். உயிர் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

"வரமுடியலைன்னா பரவால்ல, உயிரையாவது அனுப்புங்க" என்று அக்கா கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டார். அனுப்பியவர்களுக்கு நெத்திலி வறுவல் இலவசம். உடம்பை அழைத்தபோது ஆயிரம் வேலை சொன்ன ஊர், உயிர் என்றதும் என்ன தாராளம்! பல் டாக்டர் குடும்பத்தோடு உயிரை அனுப்பினார். தேவாலயப் பாடகர் குழு மொத்தமாக ஒரு வரிசையைப் பிடித்தது. டொக்மான் நடைபாதை ஓரத்து இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

"நீங்கதான் போகலியேண்ணே!"

"உயிருக்குக் கால் நீட்ட இடம் வேணாமா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நாற்காலி பாக்கியில்லை. ஹவுஸ்ஃபுல்!

சனிக்கிழமை அக்கா தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு, பூங்கொத்தோடு தியேட்டருக்குப் போனார். கதாநாயகனின் படம் ஒட்டிய அட்டைகளோடு ஒரு கும்பல் பள்ளிக்கூடப் பெண்கள் டிக்கெட் கிடைக்காமல் அழாத குறையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒரு டிக்கெட் குடும்மா."

"எல்லாம் வித்துடுச்சும்மா" என்றாள் கவுண்ட்டரில் இருந்த பெண்.

"தெரியும், தெரியும். எனக்கு மட்டும் ஒண்ணு."

"ஒண்ணுகூட இல்லம்மா."

அப்போதுதான் உறைத்தது. ஊரார் உயிருக்கெல்லாம் இடம் பிடித்தவர், தன் உடம்புக்குப் பிடிக்க மறந்திருந்தார்.

"உள்ள எத்தன பேர் இருக்காங்க?"

"யாருமே இல்லம்மா."

"அப்ப என்னை விடேன்!"

"எப்படிம்மா விடறது? ஃபுல்லா இருக்கே."

அக்கா திரும்பிப் பார்த்தார். உடம்போடு வந்த அந்தப் பெண்கள் அதற்குள் பேருந்து ஏறிவிட்டார்கள். டொக்மானைத் தொலைபேசியில் பிடித்தார்.

"அண்ணே, உங்க உயிரைக் கொஞ்சம் குடுங்க, அவசரம்!"

"அனுப்பறேன், எடுத்துக்கம்மா. ஓரத்து சீட்டு, சௌகரியமா உக்காரு."

கைபேசிக்கு வந்த டிக்கெட்டைக் காட்டிவிட்டு அவர் உள்ளே ஓடியபோது மூவரும் மேடையில் நின்றிருந்தார்கள். "வணக்கம், வொன்ஜு!" என்றார் கதாநாயகன். அரங்கம் அதை அப்படியே அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. அக்கா மட்டும் கைதட்டினார், ஊருக்கே சேர்த்து. கதாநாயகனும் இயக்குநரும் காலி இருக்கைகளை வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு, குனிந்து வணங்கி, அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள். கிசொங் மட்டும் இறங்கி வந்து, பல் டாக்டர் மனைவியின் உயிர் மேல் உட்கார்ந்தார்.

"ஹவுஸ்ஃபுல்னாங்களே, அக்கா?"

"ஃபுல்தான்டா. எல்லாரும் வந்திருக்காங்க. உடம்பைத்தான் எடுத்துட்டு வரல."

படம் ஓடியது. மருந்துக்கடை நெருங்கியது. அக்கா வழக்கம்போல அரை நிமிடம் முன்பே வாயைத் திறந்தார். தம்பி அவர் கையைப் பிடித்தார்.

"சிரிக்க வேணாம்க்கா. படம் நல்லா இல்ல. எனக்கே தெரியுது."

திரும்பிப் பார்த்துத் தைரியம் வாங்கிக்கொள்ள அந்த அரங்கத்தில் வேறு முகமே இல்லை. வேறு வழியில்லாமல் அக்கா முதல்முறையாகத் திரையைப் பார்த்தார். இத்தனை தடவை வந்தும் தம்பி விழுவதை அவர் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. தம்பி விழுந்தார்.

"டேய்! முழங்கை மேசையில நெஜமாவே இடிச்சுதாடா?"

"ஆமாக்கா. இதுவரைக்கும் ஒருத்தரும் கவனிக்கல."

"வீங்கிச்சா?"

"நல்லா வீங்கிச்சு."

"டைரக்டர் ஐஸ் வெச்சானா?"

"இல்ல."

"அப்ப இது மோசமான படந்தான்."

கிசொங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வொன்ஜுவில் அந்தப் படத்துக்குக் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான்.

நாம் இந்த இனமில்லை என்று தலையாட்டுகிறீர்களா? மெதுவாக ஆட்டுங்கள். போன மாதம் பள்ளி ஆண்டுவிழாவில் உங்கள் வீட்டுக் குழந்தை மரமாக நின்றபோது, பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்களே, அந்தப் பக்கத்துக் கழுத்து இன்னும் வலிக்கிறதல்லவா?