தவில்காரனைத் தேடிய ஓவர்சியர்

அம்பத்தூரில் ஒரு காக்கை கத்துவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம்தான். ஆனால் அனுமதி கவர்னர் துரையிடம் வாங்க வேண்டியதில்லை. அவர் பாவம், கிண்டியில் சும்மா இருந்தார். எங்கள் எதிர்வீட்டு ஓவர்சியரிடம் வாங்க வேண்டும்.

மராமத்து இலாகாவில் ஏரி, மதகு, கால்வாய் என்று வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர். பாதி சர்வீஸ் கல் குவாரிகளில் போயிற்று. பாறைக்கு வேட்டு வைக்கும்போது கூலி ஆட்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இவர் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். ஓடினால் ஓவர்சியருக்கு என்ன மரியாதை? அந்த மரியாதையை எல்லாம் அவர் காது வாங்கி வைத்துக்கொண்டது. பென்ஷனோடு அதையும் எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் வீடு கட்டி வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை. நேரில் ஓவர்சியர், முதுகுக்குப் பின்னால் 'உஸ்'. உதட்டில் விரலை வைத்து 'உஸ்' என்று அதட்டாமல் அவர் ஒரு பேச்சையும் ஆரம்பித்ததில்லை.

அவருக்கு இரண்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்று, சில்வண்டு மாதிரி மெல்லிசாக 'ஙொய்' என்று நீளும். இன்னொன்று தூரத்தில் யாரோ தவில் அடிப்பது மாதிரி, டும், டும் என்று தாளம் தப்பாமல் வரும். பகலும் இரவும் ஓய்வு கிடையாது. தன் காதில் கோளாறு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மராமத்து இலாகாவில் கோளாறு எப்போதும் கான்ட்ராக்டர் பக்கம்தான் இருக்கும். ஆகவே தெருவில் யாரோ ஒரு அயோக்கியன் வேண்டுமென்றே இதைச் செய்கிறான் என்று தீர்மானம் பண்ணி, அவனைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

முதல் சந்தேகம் ஏரித் தவளைகள் மேல். அவை சம்மனுக்கு ஆஜராகாததால் அடுத்தபடி நெல் மில் முதலாளியைப் பிடித்தார். எஞ்சினைச் சாக்குப் போட்டு மூடச் சொன்னார். அது நெருப்புப் பிடித்து, சாக்கும் போய் முதலாளியின் மீசையில் பாதியும் போயிற்று. பிறகு கோயில் மணி. பிறகு மாட்டு வண்டிகளின் சலங்கை. ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அப்போது பட்டணத்தில் ஒரு கம்பெனியில் கிளார்க். ரயிலைத் தவறவிடாமல் இருக்க ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி வைத்திருந்தேன்.

"இன்னாபா கிளார்க்கு, டிக் டிக்குனு அடிச்சுகினே கீதே, உனக்கு வெக்கமாயில்ல?" என்றார்.

கடிகாரம் அடிப்பதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அன்றைக்கு ஆபீஸ் போக முடியாது. கம்பளியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தேன். அது அங்கே தன் கடமையைச் செய்தது. அலாரம் அடித்தது அரிசிக்கு மட்டும் கேட்டது. நான் தினமும் லேட்.

அப்புறம் சங்கிலியை எடுத்தார். இலாகாவில் நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி. தெரு மூலையில் நின்று கேட்பார், ஒரு குறி போடுவார். பிறகு கோயிலடியில் நின்று கேட்பார், இன்னொரு குறி. சத்தம் எங்கே ஓங்குகிறது, எங்கே குறைகிறது என்று பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அது எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கேட்டது. வேறு யாராவது என்றால் அங்கேயே யோசித்திருப்பார்கள். ஓவர்சியர், "பயல் நம்ம பின்னாலயே வந்துகினு கீறான்" என்று முடிவு கட்டி, அதன் பிறகு திடீர் திடீரென்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். எதிரே வந்த எருமைகள்கூட ஒதுங்கிப் போயின.

ரயில் பாதையோரத் தந்திக் கம்பத்தில் காதை வைத்த அன்று அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆயிற்று. தந்திக் கம்பி காற்றில் 'ஙொய்' என்று பாடும் அல்லவா? நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்க் கம்பியை அறுக்கச் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் ரொம்பப் பணிவாக, வைஸ்ராய் இந்தப் பக்கம் வரும்போது கேட்டுச் சொல்வதாகக் கூறி அனுப்பி வைத்தார்.

இந்தப் போரில் அதிகம் அடிபட்டவர் அவருடைய மனைவி. தெருவுக்கே ஓவர்சியரம்மா. கல்யாணத்துக்கு முன் ஏரிக்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் கேட்கும் குரலாம். இப்போது ரகசியம் பேசுவது மாதிரியே எதையும் பேசுவார். உப்பு கடன் கேட்க வந்தால்கூடக் கொலைச் செய்தி சொல்ல வந்தவர் போல இருக்கும். பூந்தமல்லியிலிருந்து மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிற பாய் ஒருவர் வருவார். தோளில் ஆள் உயர வில், கையில் அதை அடிக்கிற கட்டை. வில்லின் நரம்பைத் தட்டினால் 'டொய்ங் டொய்ங்' என்று தெருவே அதிரும். ஓவர்சியர் ஒரு முறை குடையோடு அவரைக் கள்ளிக்குப்பம் வரை துரத்தினார். அதற்குப் பிறகு பஞ்சு கொட்ட ஆளில்லாமல் எங்கள் தெருவில் எல்லாரும் கட்டாந்தரையில் படுப்பது போல மெத்தையில் படுத்தோம்.

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது. அந்த மனுஷன் தூங்கவே இல்லை. படுத்தால் தவில்காரன் தலைமாட்டுக்கே வந்துவிடுகிறான் என்பார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கன்னம் ஒட்டிப்போய், போட்டிருந்த கோட்டு யாரோ இரவல் கொடுத்தது மாதிரி தொங்கியது. கடைசியில் ஒரு நாள், வீட்டை விற்றுவிட்டு வேப்பம்பட்டுக்கு அப்பால் ஒரு காட்டில் கொட்டகை போட்டுக்கொண்டு போகப்போவதாக அறிவித்தார். சுற்று வட்டாரத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத இடமாம்.

தெருவில் அன்று பல வீடுகளில் பாயசம். என் வீட்டிலும்தான், மறைப்பானேன். பாயசத்தில் கரண்டி வைத்த நேரத்தில் ஓவர்சியரம்மா கொல்லைப்புறமாக வந்து என் மனைவியிடம் அழுதார். "அங்க போயி யார் மூஞ்சியப் பாத்துகினு கீறது? இவரு எனக்கு இல்லாமப் பூடுவாருடீ" என்று அதையும் ரகசியக் குரலிலேயே சொன்னார். பாயசம் அப்படியே ஆறிப்போயிற்று.

போவதற்கு முன் ஒரே ஒரு பரீட்சை செய்துவிடலாம் என்று நான் ஓவர்சியரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்தது. ஏரியில் கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டாம். எல்லா மதகையும் ஒரே சமயத்தில் அடைத்துவிடுவார்கள். அதற்கப்புறமும் எங்கே தண்ணீர் ஓடுகிறதோ அங்கேதான் கசிவு. அதே மாதிரி தெருச் சத்தம் முழுவதையும் அடைப்பது என்று ஏற்பாடாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுது. ரயில் போய்விட்டது. மில் எஞ்சின் நின்றது. குருக்கள் மணி நாக்கைத் துணியால் கட்டினார். குழந்தைகள் வாயில் வெல்லம். நாய்களுக்குச் சோறு. தெருவே வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓவர்சியர் நடுத்தெருவில் கோட்டும் குடையுமாக நின்று கையை உயர்த்தினார். அவர் பக்கத்தில் லேகிய வைத்தியர். எல்லா வியாதிக்கும் ஒரே லேகியம் விற்பவர். கூட்டம் இருந்தால் வியாபாரம் ஆகும் என்று டப்பாவோடு வந்திருந்தார்.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஓவர்சியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடிக்கிறான்" என்றார். "தோ, கேளுங்கயா" என்று குடைக் காம்பைத் தரையில் தட்டித் தாளம் காட்டினார். டும், டும், டும்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெயிலும் தூக்கமின்மையும் சேர்ந்து அவருக்குக் கால் தள்ளாடியது. வைத்தியர் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் நாடியைப் பார்த்தார். குடை தட்டிக்கொண்டே இருந்தது. வைத்தியர் குடையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், மறுபடி குடையைப் பார்த்தார். அந்த ஆள் ஆயுசில் முதல் தடவையாக ஒரு வியாதியைக் கண்டுபிடித்துவிட்ட பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

கோயில் வரைக்கும் வேகமாக ஒரு நடை நடந்துவிட்டு வரச் சொன்னார். ஓவர்சியர் இரைக்க இரைக்கத் திரும்பி வந்தார். வைத்தியர் மறுபடி கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது தவில்காரன் எப்படி என்று கேட்டார்.

"ராஸ்கல், இப்ப ஜாஸ்தியா அடிக்கிறான்."

"ஐயா, அது தவில்காரன் இல்ல. உங்க நெஞ்சு அடிக்கிறதுதான் உங்களுக்குக் கேக்குது. அந்த இன்னொரு சத்தமும் உங்க காதுக்குள்ளதான் கீது."

ஓவர்சியர் நம்பவில்லை. இரண்டு காதிலும் விரலை விட்டு இறுக்கி அடைத்தார். வெளிச்சத்தம் என்றால் அடங்க வேண்டும். அவர் தலை மட்டும் அதே தாளத்துக்கு ஆடியது. பிறகு விரலை எடுத்தார். எல்லா மதகையும் அடைத்தாயிற்று, கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குடை நடுத்தெருவில் கிடந்தது. இந்த மனுஷன் அசடு வழிகிற நாளுக்காகத் தெருவே வருஷக்கணக்காகக் காத்திருந்தது. அது வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. வைத்தியர்கூட லேகியத்தை எடுத்து நீட்டவில்லை.

வேப்பம்பட்டுத் திட்டம் தானாகவே போயிற்று. ஊரை விட்டு ஓடலாம், காதை எங்கே விட்டுவிட்டு ஓடுவது? மில் எஞ்சினுக்கும் கோயில் மணிக்கும் விடுதலை கிடைத்தது. தெருவுக்கு அதை அனுபவிக்கத் தெரியவில்லை. ஓவர்சியர் சாய்வு நாற்காலியில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம். எதிரியை வெளியே தேடிய வரைக்கும் அவருக்கு ஒரு தெம்பு இருந்தது. "தம்பி, நாலு நாழி தூங்கினா போதும், பொழச்சிக்குவாரு" என்றார் ஓவர்சியரம்மா. எனக்குப் பயமாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பஞ்சு கொட்டுகிற பாய் தெருமுனையில் பயந்து பயந்து எட்டிப் பார்த்தார். இனித் துரத்த ஆளில்லை என்று என் மனைவி கூப்பிட்டாள். எங்கள் வாசலில் மெத்தையைப் பிரித்துப் போட்டு, எதிர்வீட்டில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே வில்லைத் தட்டினார். டொய்ங், டொய்ங். எதிர்வீட்டில் சலனமே இல்லை. மெத்தை முடிந்து பாய் வில்லைச் சாய்த்ததும் ஓவர்சியரம்மா தலைதெறிக்க ஓடி வந்தார்.

"நிறுத்தாத பாய், அடி. அவரு தூங்குனாரு, நீ நிறுத்துனதும் முழிச்சுகினாரு." அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல் முழுசாக வெளியே வந்தது. அக்கரையில் கேட்டிருக்கும்.

வெளியே ஒரு சத்தம் ஒரே சீராக ஓடினால் உள்ளே இருக்கிற சத்தம் அதற்குள் அமுங்கிப்போகிறது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சத்தத்தை எல்லாம் ஒழித்து ஒழித்து, அந்த மனுஷன் தவில்காரனுக்குக் கச்சேரி மேடையைக் காலி பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பாயை அவர் ஜன்னலுக்கடியில் உட்கார வைத்தோம். வீடு வீடாக மெத்தையும் தலையணையும் வந்தன. தெரு முழுக்கப் பஞ்சு பறந்தது. எல்லார் தலையும் நரைத்துவிட்டது. உள்ளே ஓவர்சியர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார்.

சாயங்காலம் பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நைனா, மெத்தையெல்லாம் ஆயிப்போச்சு. இன்னும் அடிச்சா பஞ்சு மாவாப் பூடும். நான் பூந்தமல்லி போய்ச் சேர வேணாமா?" என்றார். நியாயம்தான். அவர் வில்லைத் தோளில் மாட்டினதும் உள்ளே குறட்டை தடுமாறியது. ஓவர்சியரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எனக்குப் பாடத் தெரியாது. வீட்டுக்குள் ஓடி அன்றைய பேப்பரை எடுத்து வந்து, ஜன்னலடியில் குந்தி உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். காங்கிரஸ் கூட்டம், கடலை விலை, கப்பல் வருகை, காணாமல் போன கறவை மாடு, ஒன்றையும் விடவில்லை. தெருவிலே போகிறவர்கள் கிளார்க்குக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். இந்த மனுஷன் தூங்க வேண்டும், எழுந்து வந்து எங்களைப் பழையபடி அதட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவர் மேல் எனக்கு இவ்வளவு பிரியமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசிப் பக்கத்துக் கடைசி விளம்பரத்தைப் படித்து முடித்தபோது குரல் சுத்தமாகக் கம்மிவிட்டது. எச்சில் விழுங்க ஒரு நிமிஷம் நிறுத்தினேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து, தூக்கம் கலையாத குரல் ஒன்று வந்தது.

"இன்னாபா கிளார்க்கு, ஏன் நிறுத்திட்டே?"

மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேப்பரைத் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.